உதட்டில் தேன் தடவுங்கள், ஆனால் ஆதாரத்தையும் கேளுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாக வாசித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு நான் பதில் போடப் போவதில்லை.

மழையும் காய்ச்சலும் மாறி மாறி வரும் காலத்தில் வட்சப் குழுக்களில் ஒரு வகைச் செய்தி சுற்றும். உதட்டோரத்தில் கொத்தாகக் கொப்புளம் போட்டிருக்கிறதா? கருஞ்சீரகத்தை அரைத்துத் தேனில் குழைத்துப் பூசுங்கள். ஒரு கிழமையில் அடியோடு போய்விடும். பாமசி கிறீம் எல்லாம் நஞ்சு. இதை விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள். கடைசியில், பகிர்ந்து நன்மையைத் தேடிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி.

புறக்கோட்டையில் இருப்பவர்களுக்கு இந்தச் சாமான்கள் எல்லாம் காலடியில். காபோஸ் லேனில் நுழைந்தால் மூக்கே சொல்லிவிடும், எந்தக் கடையில் என்ன மூட்டை அவிழ்ந்திருக்கிறது என்று. வேர், பட்டை, காய்ந்த இலை, எண்ணெய்ப் போத்தல். அந்தக் கடைக்காரர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. பலர் கேட்டதை நிறுத்துக் கொடுக்கிற நேர்மையான வியாபாரிகள். என் கோபம் "நிரூபித்துவிட்டார்கள்" என்ற சொல்லின் மீது. வகுப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு அந்தச் சொல் சும்மா வீசிவிட்டுப் போகிற சொல் இல்லை.

அந்தச் செய்தியில் ஒரே ஒரு விடயம் மட்டும் உண்மை. கொப்புளம் ஒரு கிழமையில் போய்விடும். தேன் பூசினாலும் போகும். தேங்காயெண்ணெய் பூசினாலும் போகும். ஒன்றும் பூசாமல் விட்டாலும் ஏழிலிருந்து பத்து நாளுக்குள் பெரும்பாலும் காய்ந்து உதிர்ந்துவிடும். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் இது என்ன வருத்தம் என்று பார்ப்போம். வாய்க்குள்ளே வெள்ளையாக வருகிற வாய்ப்புண் வேறு. உதட்டு விளிம்பில் முதலில் சுருக் சுருக்கென்று குத்தி, எரிந்து, பிறகு நீர் கோர்த்த சிறு கொப்புளங்களாகக் கிளம்பி, உடைந்து பொருக்குக் கட்டுவது வேறு. இரண்டாவதுதான் ஹேர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரசின் வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரின் உடம்பில் இதன் முதலாம் வகை இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. அனேகமாகச் சின்ன வயதில் ஒரு முத்தத்தோடு வந்து, முகத்துக்கு உணர்வு கொடுக்கும் நரம்பின் வேர்க்கணுவில் போய்ப் படுத்துக்கொள்ளும். காய்ச்சல், கடும் வெயில், நித்திரையின்மை, மனக்கவலை என்று ஏதாவது வந்தால் எழுந்து உதட்டுக்கு வரும். பிறகு திரும்பிப் போய்ப் படுக்கும். இன்றுவரை அதை நரம்பிலிருந்து அடியோடு எடுக்கிற மருந்து எவரிடமும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியிலும் இல்லை, காபோஸ் லேனிலும் இல்லை. "அடியோடு போய்விடும்" என்று எவர் சொன்னாலும் அந்த இடத்திலேயே அவரை நிறுத்தலாம்.

தானாக மாறுகிற வருத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. அது தன்மேல் பூசப்பட்ட எல்லாவற்றுக்கும் நற்சான்றிதழ் எழுதிக் கொடுக்கும். மூன்றாம் நாள் பூசினேன், ஐந்தாம் நாள் காய்ந்தது என்று ஒருவர் சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை, கண்டதைத்தான் சொல்கிறார். ஆனால் பூசாமல் விட்டிருந்தால் எத்தனையாம் நாள் காய்ந்திருக்கும் என்று அவரால் காண முடியாது. ஓர் ஆள் ஒரே நேரத்தில் பூசியவராகவும் பூசாதவராகவும் இருக்க முடியாதே. அதனால்தான் இரண்டு கூட்டம் வேண்டும். ஒரு கூட்டத்துக்கு மருந்து, மற்றக் கூட்டத்துக்கு மருந்து போலவே இருக்கிற வெறும் கிறீம். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிக்க வேண்டும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் எங்கள் மருந்தை மட்டம் தட்டக் கண்டுபிடித்த வழி" என்று ஒருவர் எழுதக் கூடும். அவருக்கு ஒரு செய்தி. ஏறக்குறைய 1100 வருடங்களுக்கு முன் பாரசீகத்தில் அபூபக்ர் அர்-ராஸி என்று ஒரு ஹகீம் இருந்தார். மூளையைத் தாக்குகிற ஸிர்ஸாம் என்ற வருத்தத்துக்கு நரம்பு கீறி இரத்தம் எடுப்பது பயன் தருமா என்று அறிய, நோயாளிகளில் ஒரு கூட்டத்துக்கு இரத்தம் எடுத்தார். இன்னொரு கூட்டத்துக்கு வேண்டுமென்றே எடுக்காமல் விட்டார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தன் அல்-ஹாவி நூலில் பதிந்திருக்கிறார். இரத்தம் எடுப்பது உதவியது என்ற அவருடைய முடிவை இன்றைய வைத்தியம் ஏற்பதில்லை. அவர் சீட்டுக் குலுக்கவில்லை, அந்த முறை பிறகுதான் வந்தது. ஆனால் பூசியவனைப் பூசாதவனோடு ஒப்பிட்டுப் பார் என்ற அந்தக் கேள்வியை எங்களுடைய ஒருவர் அன்றே கேட்டுவிட்டார். அவருக்குப் பின் வந்த இப்னு ஸீனா, தன் கானூனின் இரண்டாம் பாகத்தில் ஒரு மருந்தைப் பரீட்சிக்க வேண்டிய நிபந்தனைகளை வரிசைப்படுத்தினார். பலன் ஒரு தடவை வந்தால் போதாது, மாறாமல் வர வேண்டும் என்றார். மிருகத்தில் சோதித்தது மனிதனுக்குப் பொருந்தாமல் போகலாம், மனித உடம்பிலேயே பார்க்க வேண்டும் என்றார். யூனானி என்று பெயர்ப்பலகை போடுகிறவர்கள் இப்னு ஸீனாவின் படத்தை மட்டும் மாட்டினால் போதாது.

சரி, மூலிகைக்கு ஆதாரம் இருக்கிறதா? இருக்கிறது. அதைக் கேலி செய்து சிரிப்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு.

முதலாவது தேன். 2004இல் ஓர் ஆய்வு வந்தது. மொத்தம் 16 பேர். உதட்டுக் கொப்புளத்தில் தேன், அசைக்ளோவிர் கிறீமை விட 43 வீதம் வேகமாகக் குணப்படுத்தியது என்றது அது. அல்ஹம்துலில்லாஹ் என்று பகிரத் தோன்றும். ஆனால் 16 பேர் என்பது என் வகுப்பில் பாதிகூட இல்லை. பிறகு 2019இல் நியூசிலாந்தில் பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. 76 பாமசிகள், 952 பேர். பாதிப் பேருக்கு அசைக்ளோவிர் 5 வீதக் கிறீம், பாதிப் பேருக்கு கானுகா என்ற மரத்தின் பூவிலிருந்து வரும், மருத்துவத்துக்கென்றே சுத்திகரிக்கப்பட்ட தேன். தோல் பழைய நிலைக்கு வர எடுத்த நாட்களின் நடு அளவு: கிறீமுக்கு 8, தேனுக்கு 9. இரண்டுக்கும் இடையில் கணக்கில் எடுக்கத்தக்க வித்தியாசம் இல்லை. அந்த 43 வீதம் எங்கே போனது? சின்ன ஆய்வில் தற்செயல் பெரிதாகத் தெரியும். பெரிய ஆய்வில் அது கரைந்துவிடும். காசைப் பத்துத் தடவை சுண்டினால் ஏழு தடவை தலை விழலாம், ஆயிரம் தடவை சுண்டிப் பாருங்கள் என்று வகுப்பில் சொல்வதும் இதைத்தான்.

இந்த முடிவைத் தேன்காரர் ஒருவர் வெற்றி என்று கொண்டாடலாம். ஆனால் அசைக்ளோவிர் கிறீம் தானே பெரிய வீரன் இல்லை. வெறும் கிறீமோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில் அது குறைத்த காலம் ஏறக்குறைய அரை நாள். முதல் சுருக்கென்ற குத்தலிலேயே பூசினால்தான் அதுவும். "இங்கிலீஷ் மருந்துக்குக் கமிஷன் வாங்குறீங்களா டீச்சர்" என்று கேட்பவர்கள் இந்த வரியை இரண்டு தடவை வாசியுங்கள். அளவுகோலை நான் ஒரு பக்கத்துக்கு மட்டும் வைக்கவில்லை.

இரண்டாவது மெலிசா. லெமன் பாம் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். பெயரைப் பார்த்துவிட்டுத் தயவுசெய்து எவரும் தேசிக்காயைப் பிழிந்து புண்ணில் விடாதீர்கள். இது புதினாக் குடும்பத்துச் செடி. 1999இல் வெளியான ஆய்வில், வருடத்துக்கு நாலு தடவையாவது கொப்புளம் வருகிற 66 பேருக்கு, மெலிசா இலையின் செறிந்த சாறு கலந்த கிறீமோ வெறும் கிறீமோ கொடுக்கப்பட்டது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. இரண்டாம் நாளில் மெலிசாக் கூட்டத்துக்கு வேதனையும் கொப்புளமும் குறைவு. நல்ல ஆய்வுதான், ஆனால் ஆட்கள் கொஞ்சம்.

மூன்றாவது, 2001இல் சுவிட்சர்லாந்தில். ரூபார்ப் வேரும் சேஜ் இலையும் கலந்த கிறீம் 6.7 நாள், சேஜ் மட்டும் 7.6 நாள், அசைக்ளோவிர் 6.5 நாள். சேர்ந்த கலவை பாமசி மருந்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தனி இலை வரவில்லை. ஆகவே மூலிகை வேலை செய்யுமா என்பதே சரியான கேள்வி இல்லை. எந்த மூலிகை, அதில் எந்தப் பாகம், எவ்வளவு செறிவு, எந்த நேரத்தில் என்று கேட்க வேண்டும்.

கருஞ்சீரகத்துக்கு வாருங்கள். ஆய்வுகூடக் குழாய்க்குள் அதன் எண்ணெய் பல கிருமிகளை அடக்கியதாகக் கட்டுரைகள் உண்டு. குழாய்க்குள் சவர்க்காரமும் வைரசைக் கொல்லும். உதட்டுக் கொப்புளத்துக்கு, நான் மேலே சொன்ன அளவில் மனிதர்கள் மீது நடந்த ஆய்வு எதையும் இந்தச் செய்தியை அனுப்புகிறவர்கள் காட்டுவதில்லை. காட்டட்டும், நான் பகிர்கிறேன். அதுவரை "நிரூபித்துவிட்டார்கள்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். "எங்கள் வீட்டில் பூசுவோம்" என்று எழுதுங்கள், அது உண்மை.

இனி மார்க்கத்தின் பெயரால் வருகிற வாதம். தேனைப் பற்றி அல்குர்ஆனில் இருக்கிறது, கருஞ்சீரகத்தைப் பற்றி ஹதீஸில் இருக்கிறது, நீங்கள் அதை மறுக்கிறீர்களா? நஊதுபில்லாஹ். தேனில் ஷிபா இருக்கிறது என்று நம்புவது ஈமானோடு சம்பந்தப்பட்டது. ஆனால் கடை இறாக்கையில் இருக்கிற இந்தப் போத்தலுக்குள் இருப்பது தேனா சீனிப்பாகா, அதை இந்த வருத்தத்துக்கு, இத்தனை தரம், இந்தப் புண்ணின் மேல் பூச வேண்டுமா என்பது வியாபாரியின் சொல். வியாபாரியின் சொல்லை வஹியின் நிழலில் நிறுத்தி விற்காதீர்கள்.

இந்த உம்மத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஒரு ஹதீஸ் வந்தால் யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, அவருடைய ஞாபகசக்தி எப்படி என்று வரிவரியாகத் தோண்டி ஸஹீஹ், பலவீனம், இட்டுக்கட்டு என்று பிரித்த சமூகம் நாங்கள். கத்தரிக்காய் எல்லா வருத்தத்துக்கும் மருந்து என்ற கருத்தில் ஒரு செய்தி நபியவர்களின் பெயரால் உலாவியது. இமாம் இப்னுல் கையிம் அதை இட்டுக்கட்டு என்று தூக்கி எறிந்தார். அனுபவமே அதைப் பொய்யாக்குகிறது என்பது அவர் காட்டிய காரணம். கவனியுங்கள், நபிவழி மருத்துவம் பற்றி எழுதிய அதே இமாம்தான் அவர். 14ஆம் நூற்றாண்டில் அவர் கத்தரிக்காய்க்குக் கேட்ட ஸனதை, 21ஆம் நூற்றாண்டில் வட்சப் செய்திக்கு நாங்கள் கேட்க வெட்கப்படுகிறோம்.

இதெல்லாம் ஓர் உதட்டுக் கொப்புளத்துக்கா என்று கேட்பீர்கள். 2020ஐ நினைத்துப் பாருங்கள்.

அந்த டிசம்பரில் கேகாலை, ஹெட்டிமுல்லயில் தம்மிக்க பண்டாரவின் பாணிக்கு ஆயிரக்கணக்கில் சனம் கூடியது. தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணி. செய்முறை காளி அம்மன் அருளியது என்றார் அவர். கொரோனா காலத்தில், ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு வரிசை. சுகாதார அமைச்சராக இருந்த பவித்ரா வன்னியாராச்சி பகிரங்கமாகவே அதைக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. நாங்கள் சிரித்தோம். பாணி, காளி என்று மீம் போட்டோம். அந்தப் பாணி நின்ற கால் எது? கொரோனா வந்தவர்களில் பெரும்பாலானோர் தாமாகவே சுகமானார்கள். ஆகவே குடித்தவர்களில் பெரும்பாலானோரும் சுகமானார்கள், சாட்சியும் சொன்னார்கள். உங்கள் தேன்-கருஞ்சீரகச் செய்தி நிற்பதும் அதே காலில். அடுத்த ஊர்ப் பாணிக்கு ஆதாரம் கேட்டுச் சிரித்த வாய், தன் ஊர்ப் பாணிக்கு மூடிக்கொள்வது நீதி இல்லை.

இன்னொன்றும் அதே வருடத்தில்தான் நடந்தது. அதைச் சிரித்துக் கடக்க முடியாது. 2020 ஏப்ரலில் கொரோனாவில் மௌத்தானவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. நிலத்தடி நீரில் வைரசு கலந்துவிடும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்று சொல்லியிருந்தது. நாங்கள் என்ன கேட்டோம்? ஒரே ஒரு சொல்: ஆதாரம். எங்கே ஆய்வு, எந்த நாட்டில் நடந்தது, யார் செய்தது என்று கேட்டோம். எங்கள் ஜனாஸாக்கள் எரிந்தன. பச்சைக் குழந்தையும் எரிந்தது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அந்த உத்தரவு மாறியது, மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. ஆதாரம் இல்லாத ஒரு பேச்சு அதிகாரத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று இந்த நாட்டில் எங்களை விட நன்றாகப் படித்தவர் யார்? அந்தச் சொல்லை நாங்கள் கண்ணீரோடு கற்றோம். வசதியான நேரத்தில் மட்டும் எடுத்து, வசதி இல்லாத நேரத்தில் அலுமாரியில் பூட்டி வைக்கிற சொல் இல்லை அது.

உதட்டுக் கொப்புளமும் எப்போதும் சின்ன விடயமாக இருந்துவிடாது. அதுவே உயிர்ப் பிரச்சினையாகிற ஓர் இடம் எங்கள் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது.

பிறந்த பிள்ளை. முதல் சில கிழமைகளில் பிள்ளையின் உடம்புக்கு இந்த வைரசை எதிர்க்கிற பலம் போதாது. பெரியவருக்கு உதட்டில் பொருக்கோடு முடிகிற அதே கிருமி, சிசுவின் மூளைக்கும் ஈரலுக்கும் பரவலாம், உயிரையும் எடுக்கலாம். எங்கள் வழக்கம் என்ன? பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் மாமி, சாச்சி, பெரியம்மா எல்லோரும் ஓடுவோம். வாரி எடுத்துக் கொஞ்சுவோம். பெரியவர் ஒருவர் ஈச்சம்பழத்தை மென்று பிள்ளையின் அண்ணத்தில் தடவித் தஹ்னீக் செய்வார். அந்தப் பெரியவரின் உதட்டில் கொப்புளம் இருந்தால்? தேன் பூசியிருக்கிறேன், மாறிவிட்டது, ஒன்றும் ஆகாது என்று அவர் நம்பிக்கொண்டு இருந்தால்? ஆதாரம் இல்லாத தைரியம் அந்த இடத்தில்தான் ஆளைக் கொல்லும்.

தஹ்னீக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உதட்டில் புண்ணோ, புண் வரப்போகிற குத்தலோ இருக்கிற ஒருவர் அதைச் செய்ய வேண்டாம், பிள்ளையைக் கொஞ்சவும் வேண்டாம். பொருக்கு முழுதாக உதிரும்வரை பொறுக்கட்டும். புண் இல்லாத வேளையிலும் சில நேரம் உமிழ்நீரில் கிருமி வரும் என்பதால், பழத்தை மெல்லாமல் கழுவிய கையால் மசித்துத் தடவலாமா என்று உங்கள் ஆலிமிடமும் வைத்தியரிடமும் கேளுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேனை நாக்கில் வைக்கவே வேண்டாம். எவ்வளவு சுத்தமான தேனிலும் பொட்டுலிசம் என்ற நோயின் வித்துகள் இருக்கலாம். பெரியவரின் குடலில் அவை முளைக்காது, சிசுவின் குடலில் முளைக்கும். சிசுவுக்குக் காய்ச்சல், பால் குடிக்காமை, சோர்வு, உடம்பில் கொப்புளம் என்று ஏதாவது கண்டால் அடுத்த நிமிடம் ஆஸ்பத்திரி. நாளத்தின் வழியாக ஏற்றுகிற அசைக்ளோவிர் அங்கே உயிர் காக்கிற மருந்து. உதட்டில் அரை நாள் மிச்சப்படுத்துகிற அதே மருந்துதான்.

கண் சிவந்து நோவெடுத்தாலும் இதேதான். இந்த வைரசு கண்மணியில் வடு விழுத்திப் பார்வையைக் கெடுக்கும். அங்கே தேன், இலைச்சாறு, தாய்ப்பால் எதுவும் விடாதீர்கள், கண் வைத்தியரிடம் போங்கள்.

கடைசியாக, மூலிகையை நேசிக்கிறேன் என்று சொல்பவர்களுக்கு. சீன வைத்தியத்தின் பழைய நூலொன்றில் இருந்த குறிப்பைப் பிடித்துக்கொண்டு, து யூயூ என்ற பெண்மணி ஒரு மூலிகையைத் திரும்பத் திரும்பச் சோதித்து மலேரியாவுக்கு மருந்து எடுத்தார், 2015இல் நோபல் பரிசு பெற்றார். பாட்டன் சொன்னான் என்று அவர் நிறுத்தியிருந்தால் அது இன்றும் ஒரு குறிப்பாகவே இருந்திருக்கும். எங்கள் நாட்டிலும் நடந்திருக்கிறது. கொத்தல ஹிம்புட்டு கலந்த தேநீரை 51 நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்து, வெறும் தேநீரோடு ஒப்பிட்ட ஆய்வு 2005இல் வெளியானது. இரத்தச் சீனியின் நீண்டகால அளவு குறைந்ததைக் காட்டினார்கள். நாவின்னையில் 1962 முதல் ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ராஜகிரியவில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் யூனானி படிப்பிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். வருடாவருடம் உதட்டுக் கொப்புளத்தோடு ஆயிரக்கணக்கானோர் நடமாடுகிற நாட்டில், கருஞ்சீரக எண்ணெய்க்கு ஒரு ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வு செய்ய ரொக்கட் விஞ்ஞானம் வேண்டாம். மூலிகை விற்றுச் சம்பாதிக்கிற எங்கள் தனவந்தர்கள் விளம்பரத்துக்குப் போடுகிற காசில் ஒரு பங்கை அதற்குப் போடட்டும். பலன் வந்தால் முதல் ஆளாக நானே பாராட்டி எழுதுவேன். மூலிகையைப் பரீட்சைக்கு அனுப்பப் பயப்படுகிறவர், அது சித்தியடையாது என்று உள்ளூர நினைக்கிறவர்தான்.

இந்தப் பதிவின் கீழே "எங்கள் உம்மம்மா இதைத்தான் பூசினா, அவவுக்குச் சுகமானது" என்று நிச்சயம் ஒருவர் எழுதுவார். அல்லாஹ் உங்கள் உம்மம்மாவுக்கு ரஹ்மத் செய்வானாக. அவ பூசாத தடவைகளில் எத்தனை நாளில் சுகமானது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.